கழன்றது அல்ல, கழற்றினேன்

1

இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதிவிட்டேன். போன வருடம் ஒரு பத்திரிகையில் வந்தது. தலைப்பு ‘புகை’. நான்கு பக்கம், நடுவில் ஓர் ஓவியம். வீட்டுப் பலகையில் ஓட்டுகிற பழைய குட்டி ரயில் எஞ்சின் ஒன்றை ஒருவர் ஆசை ஆசையாகக் கடையில் பழுதுபார்க்கக் கொடுக்கிறார். நகமெல்லாம் அழுக்கேறிய, அலட்சியமான மெக்கானிக் ஒருவன் அதைக் கெடுத்துவிடுகிறான். அவர் ஒன்றும் பேசாமல் வீடு திரும்புகிறார். அவ்வளவுதான் கதை. பதினொரு பேர் கடிதம் எழுதினார்கள். ஒருவர், ‘அந்த மெக்கானிக்கை ஓங்கி ஓர் அறை விடவேண்டும் போலிருந்தது’ என்று எழுதியிருந்தார். படித்தபோது உள்ளுக்குள் குளிர்ந்தது. கொஞ்ச நேரம்தான். பிறகு கன்னம் எரிந்தது.

அந்த அறை எனக்கு வரவேண்டியது.

எஞ்சின் உண்மை. புகை உண்மை. கடையும் உண்மை. செய்தவனை மட்டும் மாற்றிவிட்டேன். ஆகவே இது ஒரு திருத்தம். பத்திரிகைகள் உள்பக்க மூலையில் பொடி எழுத்தில் போடுமே, அந்த வகை. சற்று நீளமாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் வாக்கியத்துக்காக மூன்று நாள் உட்கார்ந்தேன். வந்தவை இவை:

அண்ணனுக்குக் கை நடுங்காமல் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்தே இருக்காது.

முப்பத்தைந்து வருடப் பழைய எஞ்சினுக்குள் புதிய சிப்பை வைத்தால் என்ன ஆகும் என்று யாருக்குத்தான் தெரியும்?

அந்தக் கடையில் வெளிச்சம் போதாது, அதனால் —

மூன்றாவதைப் பாதியிலேயே விட்டேன். அந்தக் கடையில் வெளிச்சத்துக்கு ஒரு குறையும் இல்லை. மேசை மேல் இரண்டு விளக்குகள், பின்னால் ஜன்னல். (அடித்த வாக்கியங்களை உங்களுக்குக் காட்டுவதை நேர்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அடித்ததைக் காட்டினால் நேர்மையானவன் போலத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் காட்டுகிறேனோ என்றும் சந்தேகம்.)

மூன்றிலும் ஓர் ஒற்றுமை: எதிலும் நான் இல்லை. தமிழ் என் போன்றவனுக்கு மிகவும் வசதியான மொழி. ‘கழன்றது’ என்று எழுதிவிட்டால் கழற்றியவன் யார் என்று வாக்கியம் கேட்காது. ‘எரிந்துபோயிற்று’ என்றால் எரித்தவன் வெளியே காற்று வாங்கப் போய்விடலாம். ‘புகை’ கதையை எடுத்து, இப்படி எத்தனை என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனேன். நான்கு பக்கத்தில் பத்தொன்பது.

ஆகவே முதலில் இதை எழுதிவைக்கிறேன். நான் கழற்றினேன். நான் எரித்தேன். மற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

3

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தொரு வருடம். என்னைவிட ஏழு வயது பெரியவர். வீட்டில் எது பழுதானாலும் அவர்தான் பிரிப்பார். டார்ச் பிடிப்பது என் வேலை. அதையும் கோணலாகப் பிடிப்பேன். “உனக்கு எழுத்துதான் வரும், விடு” என்பார். பாராட்டாகத்தான் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அப்படித் தோன்றவில்லை.

முதல் சம்பளத்தில் அவர் வாங்கியது ஒரு பச்சை எஞ்சின். உள்ளங்கை நீளம். அதற்காக மாடி அறையில் பலகை போட்டு, தண்டவாளம் பதித்து, ஒரு ஸ்டேஷன், ஒரு சுரங்கம், இரண்டு பாலம் என்று ஆண்டுக்கணக்கில் கட்டினார். ‘பொம்மை ரயில்’ என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும். அண்ணி மட்டும் சொல்லலாம்.

மூன்று வருடத்துக்கு முன் அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. மாத்திரை கொடுத்தார்கள். வேலையை விட்டார். ரயிலை விடவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை விளக்கியாக வேண்டும். பழைய முறையில் தண்டவாளத்தில் பாயும் மின்சாரத்தின் அளவுதான் ரயிலின் வேகம். ஒரு பெட்டியில் திருகு இருக்கும். கூட்டினால் ஓடும், குறைத்தால் நிற்கும். கை நடுங்கினால் திருகு நடுங்கும். திருகு நடுங்கினால் ரயில் நடுங்கும். அண்ணன் கையைச் சட்டைப் பைக்குள் விட்டு மறைக்கலாம். ரயிலை எங்கே மறைப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய ரயில் கிளப்பிலிருந்து சிலர் வந்திருந்தார்கள். நானும் இருந்தேன். பச்சை எஞ்சின் ஸ்டேஷனுக்குள் நுழையும்போது விக்கல் வந்தவனைப் போலத் துள்ளித் துள்ளி வந்தது. அண்ணன், “தண்டவாளத்துல அழுக்கு” என்று சொல்லித் துணியை எடுத்துத் துடைத்தார். தண்டவாளம் பளபளவென்று இருந்தது. அதன் பிறகு அவர் யாரையும் அழைக்கவில்லை.

புதிய முறை, டிஜிட்டல் முறை, வேறு மாதிரி. தண்டவாளத்தில் மின்சாரம் எப்போதும் ஒரே அளவு. எஞ்சினுக்குள் நகத்தளவு சிப் ஒன்று உட்கார்ந்திருக்கும். கையில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் அதற்கு உத்தரவு போகும். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதையும் குறைப்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். விரல் நடுங்கினாலும் பொத்தானுக்கு அது ஓர் அழுத்தல்தான்.

அண்ணனுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் மயிரிழை போன்ற ஒயர்களை அந்தக் கையால் எப்படிப் பற்றவைப்பது?

“நான் பண்ணித் தர்றேன் அண்ணா” என்றேன்.

“நீயா?”

“ஏன், நான் பண்ணக்கூடாதா?”

“தாராளமா பண்ணு. சால்டரிங் குச்சியில எந்தப் பக்கம் சூடா இருக்கும்னு தெரியும்ல?”

அண்ணி சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. அந்த ஒரு சிரிப்பு முள் மாதிரி உள்ளே நின்றுகொண்டது.

4

எனக்கு அந்த வேலை தெரியாது. தெரிந்தவரிடம் கொடுத்து வாங்கி, நானே செய்ததாகச் சொல்லிக்கொள்வது என்று முடிவு செய்தேன். (இந்த வாக்கியத்தை எழுத இரண்டு நாள் ஆயிற்று.)

கிளப்பில் எல்லோரும் அவரை ‘லென்ஸ்’ என்பார்கள். ஒரு கண்ணில் எப்போதும் உருப்பெருக்கி இருக்கும். மருந்துக் கடைக்கு மேலே மாடியில் காது கேட்கும் கருவிகள் பழுது பார்க்கும் சின்னக் கடை. கிளப்காரர்களின் எஞ்சின்களையும் பார்த்துக் கொடுப்பார். நாற்பத்தைந்து வயதிருக்கும். காது கேட்காதவர்களோடு பேசிப் பேசி, எல்லோரிடமும் முகத்துக்கு நேராக, உதடு தெரிய, நிறுத்தி நிதானமாகப் பேசுவார். அதனால் அவர் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லவும் வழியில்லை.

“பழைய மோட்டார் சார். இதுல ஒரு ஸ்பிரிங் நேரா உடம்பு இரும்பைத் தொட்டுக்கிட்டு இருக்கு. அப்படியே விட்டா தண்டவாளத்து கரண்ட் முழுக்க சிப்புல ஏறிடும். நான் அந்த ஸ்பிரிங்குக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டுடறேன்.”

அடுத்த வியாழக்கிழமை எஞ்சினை எடுத்துக் கொடுத்தார். தன் மேசையிலிருந்த ஒரு முழத் தண்டவாளத்தில் ஓட்டியும் காட்டினார். எண்ணெய் மேல் வழுக்குவது போல் போயிற்று.

“மூடியை மட்டும் திறந்துடாதீங்க சார். எதாவதுன்னா எடுத்துட்டு வாங்க.”

“சரி மேடம்” என்றேன்.

5

மறுநாள் காலை மூடியைத் திறந்தேன்.

எதற்கு? புகைப்படம் எடுக்க. அலுவலக எலெக்ட்ரீசியனிடம் ஒரு சால்டரிங் குச்சியை இரவல் வாங்கிவந்து, எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தேன். பிளக்கில் செருகவில்லை, செருகினால் சுட்டுக்கொள்வேன் என்று பயம். என் கை, குச்சி, திறந்த எஞ்சின் மூன்றும் தெரிகிற மாதிரி ஆறு படங்கள் எடுத்தேன். இன்னும் நம்பும்படி இருக்கட்டும் என்று இடுக்கியால் அந்த ஸ்பிரிங்கைக் கழற்றி, விரல் நுனியில் வைத்து ஏழாவது படம் எடுத்தேன்.

பிறகு எல்லாவற்றையும் திரும்ப வைத்து மூடினேன். மூன்று திருகாணிகள். மூன்றாவதை முடுக்கியபின் பார்த்தால், மேசை மேல் வெள்ளையாக, அரை அரிசி அளவில் ஏதோ கிடந்தது.

‘புகை’ கதையில் அந்த மெக்கானிக், அது உறை என்பதைக் கவனிக்கவே இல்லை என்று எழுதினேன். நான் கவனித்தேன். அது உள்ளேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்தது. மறுபடி திறந்து மாட்டப் பத்து நிமிடம் போதும். இல்லாவிட்டால் கடைக்கே எடுத்துப் போகலாம். போனால், ஏன் திறந்தீர்கள் என்று கேட்பார்.

அப்போது அண்ணன் போனில் அழைத்தார். “கிளம்பிட்டியா?”

“கிளம்பிட்டேன்” என்றேன். மேசையிலிருந்த பென்சில் சீவல்களோடு சேர்த்து அந்த உறையையும் குப்பைக்கூடையில் தள்ளினேன்.

6

அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். பல மாதம் கழித்துக் கிளப்பிலிருந்து இரண்டு பேரை அழைத்திருந்தார். ஒருவர் பல் டாக்டர். மற்றவர் அவருடைய பழைய சக ஊழியர். அண்ணி நாற்காலிகளை மாடிக்குத் தூக்கிவந்திருந்தார்.

என் போன் கைமாறிக்கொண்டிருந்தது. “பரவாயில்லையே, டாக்டர் மாதிரியே பிடிச்சிருக்காரே!” என்றார் பல் டாக்டர். அண்ணன் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தார். “நல்லா பண்ணியிருக்கேடா” என்றார். என் வாழ்நாளில் கைவேலைக்காக அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான். அதுவும் திருட்டுப் பாராட்டு.

எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். ‘டிக்’ என்று ஒரு சத்தம். புகைபோக்கியிலிருந்து நிஜமாகவே புகை வந்தது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம். என்ன நடக்கிறது என்று புரியாமல் அண்ணன் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்.

“என்னடா ஆச்சு?” கோபமில்லை. கேள்விதான்.

அப்போது என் வாயிலிருந்து வந்ததை ஓர் எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்: “நான் பண்ணல அண்ணா. அந்த லென்ஸ் கடையிலதான் குடுத்தேன். அவங்க எதோ சொதப்பிட்டாங்க.”

ஒரு பொய்யிலிருந்து தப்பிக்க இன்னொரு பொய். என் போன் அப்போதும் பல் டாக்டர் கையில்தான் இருந்தது. ஏழாவது படம் திரையில். அவர் அதை என்னிடம் நீட்டினார். என் முகத்தில் ஈயாடவில்லை.

அண்ணன்தான் காப்பாற்றினார். “யார்கிட்ட குடுத்தா என்ன? வாங்கினவங்க ஒழுங்கா பண்ணியிருக்கணும்” என்று நண்பர்களைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

7

அன்று மாலை கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் ஒரு செய்தி போட்டார். இடது கையால், எழுத்து எழுத்தாகத் தட்டியிருப்பார். “லென்ஸ் கடையில் யாரும் எஞ்சின் கொடுக்க வேண்டாம். என் எஞ்சின் போய்விட்டது.”

அந்தக் குழுவில் லென்ஸும் இருந்தார், நானும் இருந்தேன். சிறிது நேரத்தில் பதில் வந்தது: “என்ன ஆச்சு சார்? கொண்டு வாங்க, பார்க்கிறேன்.”

யாரும் பதில் போடவில்லை. நானும் போடவில்லை. இரண்டு வாரம் கழித்து அவர் குழுவிலிருந்து விலகிவிட்டதாக ஒரு வரி தெரிந்தது. கிளப்காரர்கள் யாரும் அதன்பின் அந்த மாடிப்படி ஏறவில்லை.

அதன்பிறகு நான் ‘புகை’யை எழுதினேன். எழுதினால் மனசு லேசாகும் என்று சொல்வார்கள். லேசாயிற்று. என் தலையிலிருந்த பாரத்தை இறக்கி அவர் தலையில் வைத்தால் லேசாகாமல் என்ன செய்யும்?*

* பெண்ணை ஆணாக்கியது அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக்கூடாது என்ற அக்கறையால் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வழக்கு வரக்கூடாது என்ற அக்கறைதான் அது.

8

எட்டு மாதம் போயிற்று. ஒருநாள் அண்ணி போன் செய்தார். “மாடிக்குப் போறதே இல்ல தம்பி. தூசி தட்டக்கூட என்னை விடமாட்டேங்கிறார்.”

எஞ்சினை வாங்கிக்கொண்டு வேறு இரண்டு கடைகளுக்கு அலைந்தேன். இரண்டாவது கடைக்காரர் உள்ளே பார்த்துவிட்டு, “இவ்ளோ சின்ன வேலை இங்க ஒருத்தங்கதான் பண்ணுவாங்க” என்று ஒரு சீட்டில் முகவரி எழுதித் தந்தார். பார்க்காமலேயே எனக்கு முகவரி தெரிந்தது.

லென்ஸ் என்னைக் கண்டதும் கையை நீட்டினார். மூடியைத் திறந்தார். வெகுநேரம் பார்த்தார்.

“உறை எங்க சார்?”

“கழன்று விழுந்திருக்கும்னு...”

“அது தானா கழலாது சார். கழட்டினாத்தான் உண்டு.”

பக்கத்து நாற்காலியில் பெரியவர் ஒருவர் காத்திருந்தார். அவர் இருக்கும்போது எப்படிச் சொல்வது? பிறகு கவனித்தேன்: அவருடைய காதுக்கருவி லென்ஸின் மேசை மேல் பிரித்துக் கிடந்தது.

“நான்தான் கழட்டினேன்” என்றேன். பெரியவர் என்னைப் பார்த்து மலர்ந்து சிரித்துத் தலையாட்டினார்.

“எதுக்கு?”

“ஃபோட்டோ எடுக்க.”

லென்ஸ் கண்ணிலிருந்து உருப்பெருக்கியை எடுத்தார். அவருடைய இரண்டு கண்களையும் அன்றுதான் பார்த்தேன்.

“உங்க கதையைப் படிச்சேன். என்னை ஆம்பளையாக்கிட்டீங்க. நகத்துல அழுக்கு வேற.” தன் விரல்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். சுத்தமான, ஒட்ட வெட்டிய நகங்கள். “அண்ணனுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“வியாழக்கிழமை வாங்க.”

வியாழக்கிழமை எஞ்சின் தயாராக இருந்தது. அதே ஒரு முழத் தண்டவாளத்தில் ஓட்டிக் காட்டினார். “மேடம், நடந்ததை நடந்தபடியே ஒரு கதையா எழுதிடறேன். எல்லாருக்கும் தெரியட்டும்” என்றேன்.

அவர் என் முகத்தை நேராகப் பார்த்து, வழக்கம்போல் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: “கதையா எதுக்கு சார்? உங்க அண்ணன் ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கார்?”

நான் வீட்டுக்கு வந்து கதைதான் எழுதினேன். நீங்கள் இதுவரை படித்தது அதுதான்.

9

முடிவுக்கு மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று: கிளப் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லோர் முன்னிலையிலும் உண்மையைச் சொல்கிறேன். கண்கள் கலங்குகின்றன. (என்னுடையவை அல்ல, கேட்பவர்களுடையவை. அடித்துவிட்டேன்.)

இரண்டு: அண்ணன் புன்னகைத்து, ‘எனக்கு அன்றே தெரியும்’ என்கிறார். (எத்தனை கதைகளில் இப்படித் தப்பித்திருக்கிறோம். இதையும் அடித்துவிட்டேன்.)

மூன்று: லென்ஸ் என்னை மன்னித்து —

மூன்றாவது வரியில் பேனாவை வைத்துவிட்டேன். அவர் மன்னிப்பை நான் உட்கார்ந்து எழுதுவதா? காகிதங்களை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு நடந்தேன். எஞ்சினும் பையில் இருந்தது.

காலை பதினொரு மணி. அண்ணி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் எஞ்சினை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வாயால் சொல்லத்தான் போனேன். கை காகிதத்தை எடுத்துவிட்டது. படித்தேன்.

மொழி வசதியைப் பற்றிய இடத்தில் அண்ணன் சிரித்தார். ஐந்தாவது பகுதியில், “பென்சில் சீவலோடவா?” என்று மட்டும் கேட்டார். அண்ணியின் கத்தி நின்றுவிட்டது. ஏழாவது பகுதியில் அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அந்த மெசேஜ் நான் போட்டதுடா.”

“நான் சொன்னதாலதானே அண்ணா...”

“நீ பொய் சொன்னே. நான் விசாரிக்கல. ‘கொண்டு வாங்க, பார்க்கிறேன்’னு அவங்க எழுதினாங்கல்ல? அதைப் பார்த்தேன். பார்த்துட்டு சும்மா இருந்துட்டேன்.”

“ஒரு தடவை போய்க் கேளுங்கன்னு நான் அன்னிக்கே சொன்னேன்” என்றார் அண்ணி.

“கேட்டிருந்தா இவன் வண்டவாளம் தண்டவாளம் ஏறியிருக்கும்.” அண்ணன் எஞ்சினைத் தடவினார். “தம்பி மானம் போகக்கூடாதுன்னு இருந்தேன். அந்தம்மாவோட மானத்தைப் பத்தி நினைக்கவே இல்ல.”

அவர் முகம் சிவந்திருந்தது. என் வெட்கத்தை நான் ஒருவனே சுமக்கிறேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். அதில் ஒரு பங்கைக் கொண்டுபோய் அவருக்கும் கொடுத்திருக்கிறேன்.

போனை எடுத்துத் தட்டப் பார்த்தார். விரல் ஓர் இடத்தில் நிற்கவில்லை. போனை என்னிடம் கொடுத்தார்.

“நீ எழுது. நான் சொல்றதை மட்டும் எழுது. ஒரு வார்த்தை கூட்டாதே.”

அவர் சொன்னார், நான் தட்டினேன்: “லென்ஸ் மேடம் வேலையில் தப்பு எதுவும் இல்லை. என் தம்பி திறந்து கெடுத்தான். விசாரிக்காமல் நான் எழுதியது தப்பு.”

‘கெடுத்தான்’ என்ற சொல்லுக்கு முன்னால் என் கட்டைவிரல் நின்றது. ‘தெரியாமல்’ என்று ஒரு சொல் அங்கே சேர்ந்தால் —

“என்ன யோசிக்கிறே? அனுப்பு.”

சேர்க்காமல் அனுப்பினேன்.

“அவங்க குரூப்ல இல்லையேடா” என்று எழுந்தார். “செருப்பைப் போடு. போலாம்.” எஞ்சினை ஓட்டிப் பார்க்கலையா என்று அண்ணி கேட்டார். வந்து பார்க்கலாம் என்றார்.

10

கடையில் வேறு யாரும் இல்லை. அண்ணன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவர் கை நடுங்கியதில் மேசையிலிருந்த திருகாணிக் குப்பி கிணுகிணுத்தது. கையை எடுக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. குழுவில் போட்டதை நேரில் சொன்னார். பிறகு நான் சொன்னேன். காகிதத்தைப் பார்க்காமல்.

லென்ஸ் முழுவதும் கேட்டார். உருப்பெருக்கியைக் கழற்றி வைத்துவிட்டுப் பதில் சொன்னார். நான்கைந்து வாக்கியங்கள். முதலில் அண்ணனிடம், பிறகு என்னிடம்.

படி இறங்கியவன் திரும்ப ஏறிப்போய், அவர் சொன்னதை எழுதலாமா என்று கேட்டேன். எழுதுகிறவன் புத்தி.

“வேண்டாம் சார்” என்றார்.

ஆகவே அந்த வாக்கியங்கள் இங்கே இல்லை. இதுவரை அவரைக் கேட்காமல் அவரைப் பற்றி நிறைய எழுதிவிட்டேன். நீங்கள் அவர் இடத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்களோ, அதை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். என் பக்கம் சாயாமல் போடுங்கள். இவ்வளவு தூரம் என் குரலையே கேட்டுக்கொண்டு வந்திருக்கிறீர்கள், சாயத்தான் தோன்றும்.

நான் படியை நோக்கித் திரும்பியபோது அவர் மறுபடி அழைத்தார்.

“சார், நான் உங்களை உட்காரச் சொல்லல. நீங்க ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் நின்னுட்டே இருந்தீங்க. அதை வேணா எழுதிக்கோங்க.”

நாற்காலிகள் இரண்டும் காலியாகத்தான் இருந்தன. நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.